ஆசிரியர்கள் தேடிப் போகவேண்டிய பள்ளிக்கூடம்

ஹாம்பர்க் நகரத்தில் புல்லன்ஹூசர் டாம் என்ற தெருவில் ஒரு பள்ளிக் கட்டடம் இருக்கிறது. 1945 ஏப்ரல் 20ஆம் தேதி இரவு அதன் நிலவறையில் 20 யூதக் குழந்தைகளைத் தூக்கிலிட்டுக் கொன்றார்கள். பத்துச் சிறுமிகள், பத்துச் சிறுவர்கள். எல்லோரும் ஐந்து வயதிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள். அதற்கு முந்தைய மாதங்களில் நொய்யன்காம வதைமுகாமில் குர்ட் ஹைஸ்மெயர் என்ற மருத்துவர் அந்தக் குழந்தைகளின் உடலில் காசநோய்க் கிருமிகளைச் செலுத்திச் சோதனை நடத்தியிருந்தார். பிரிட்டிஷ் படை நெருங்கியதும், நடந்ததற்குச் சாட்சியே இருக்கக் கூடாது என்று முடிவெடுத்தார்கள். குழந்தைகளைக் கவனித்துவந்த இரண்டு பிரெஞ்சு மருத்துவர்களும் இரண்டு டச்சுக் கைதிகளும் சோவியத் கைதிகள் பலரும் அதே இரவில் அதே கட்டடத்தில் கொல்லப்பட்டார்கள்.

குண்டுவீச்சில் சேதமடைந்த அந்தப் பள்ளியை முகாமின் கிளையாகப் பயன்படுத்தியிருந்தார்கள். போர் முடிந்து மூன்று ஆண்டுகளில், 1948இல், அங்கே மறுபடியும் வகுப்புகள் தொடங்கின. மேல்மாடிகளில் பிள்ளைகள் வாய்பாடு படித்தார்கள். கீழே என்ன நடந்தது என்பது 1946இல் நடந்த பிரிட்டிஷ் ராணுவ விசாரணையிலேயே பதிவாகியிருந்தது. ஆனாலும் 1970களின் இறுதியில் குந்தர் ஷ்வார்பர்க் என்ற பத்திரிகையாளர் அந்தக் குழந்தைகளின் உறவினர்களை நாடு நாடாகத் தேடத் தொடங்கிய பிறகுதான் ஊர் அதைப் பேசத் தொடங்கியது. நினைவகம் அமைந்தது 1980இல்.

இந்த இடத்தை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. யூத இனப்படுகொலை நடந்த இடங்களுக்கும், அமெரிக்கக் கறுப்பின மக்களின் குடிமை உரிமைப் போராட்டம் நடந்த இடங்களுக்கும் ஆசிரியர்களை அழைத்துச்செல்லும் பயணங்கள் இன்று ஏராளம். ஜெருசலேத்தில் உள்ள யாத் வாஷெம் நினைவகம் இதற்கென்றே 1993இல் ஒரு கல்வி நிறுவனத்தைத் தொடங்கியது. அதே ஆண்டு வாஷிங்டனில் திறக்கப்பட்ட யூத இனப்படுகொலை அருங்காட்சியகம் ஆசிரியர்களுக்குத் தொடர்ந்து பயிற்சி நடத்துகிறது. அமெரிக்கத் தென்மாநிலங்களில் மாண்ட்கமரி, செல்மா, பர்மிங்ஹாம், மெம்பிஸ் என்று பஸ்ஸில் சுற்றிவரும் ஆசிரியர் குழுக்களைக் கோடை விடுமுறை முழுவதும் பார்க்கலாம். திரும்பி வந்தவர்கள் எழுதுகிறார்கள், பேசுகிறார்கள். அந்தப் பதிவுகளைத் தொடர்ந்து படித்துவரும் எனக்கு ஒரு குறை தெளிவாகத் தெரிகிறது. அவர்கள் மனிதராக உடைந்துபோய்த் திரும்புகிறார்கள். பெற்றோராக, குடிமக்களாக யோசிக்கிறார்கள். ஆசிரியராகத் தங்களைப் பற்றி அங்கே கேட்டுக்கொள்ளவேண்டிய கேள்வியைத்தான் பெரும்பாலும் கேட்பதில்லை: இதில் பள்ளிக்கூடத்தின் பங்கு என்ன?

போலந்தில் நாசிகள் நடத்திய கொலைமுகாமான ஆஷ்விட்ஸுக்குப் போகும் பயணத்தை எடுத்துக்கொள்வோம். போலந்து நாடாளுமன்றம் 1947இல் இயற்றிய சட்டத்தால் அது அருங்காட்சியகம் ஆனது. அங்கே கொல்லப்பட்டவர்கள் ஏறத்தாழ 11 லட்சம் பேர். அவர்களில் சுமார் 10 லட்சம் பேர் யூதர்கள். 2019இல் மட்டும் 23 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அங்கு வந்தார்கள். வழிகாட்டியோடு சுற்றிப் பார்க்க மூன்றரை மணி நேரம் ஆகிறது. காலணிக் குவியல், பெட்டிகளின் மேல் வெள்ளை எழுத்தில் பெயர்கள், சுமார் இரண்டு டன் மனிதத் தலைமுடி, பிறகு அதன் பகுதியான பிர்கெனா முகாமின் தண்டவாளம். பார்த்தவர் எவரும் அதை மறப்பதில்லை. அந்த அதிர்ச்சி பொய்யில்லை, அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமும் இல்லை. ஆனால் அந்த இடம் கொலையின் கடைசிக் கட்டத்தைக் காட்டுகிறது. அங்கே நிற்கும் ஆசிரியருக்குக் கொலையாளி என்றால் சீருடை அணிந்த காவலாளி. அவனுக்கும் தனக்கும் தொடர்பு எதுவும் இருப்பதாக அவருக்குத் தோன்ற வழியே இல்லை.

உணர்ச்சி மட்டும் போதாது என்பதை ஜெர்மானியக் கல்வியாளர்கள் தெளிவாகவே உணர்ந்திருந்தார்கள். 1976இல் போய்டல்ஸ்பாக் என்ற ஊரில் நடந்த கூட்டத்திலிருந்து அரசியல் கல்விக்கு மூன்று நெறிகள் உருவாயின. அவற்றில் முதலாவது, மாணவரை மூழ்கடித்து ஒரு முடிவை ஏற்கச்செய்யக் கூடாது என்பது. சமூகத்தில் சர்ச்சைக்குரியதை வகுப்பிலும் சர்ச்சைக்குரியதாகவே வைக்க வேண்டும், மாணவர் தன் நிலையைத் தானே ஆராயக் கற்க வேண்டும் என்பவை மற்ற இரண்டு. ஹிட்லரின் பள்ளிகள் கொடி, தீப்பந்தம், பாட்டு என்று பிள்ளைகளை உணர்ச்சியால் மூழ்கடித்தே வளர்த்தன. அதே வழியில் போய் அதற்கு நேர்மாறான பாடத்தைக் கற்பிக்க முடியாது. நினைவகங்களில் பணியாற்றும் கல்வியாளர்கள் பலர், அழுகையை வரவழைப்பதை வெற்றியாக எண்ணாததற்கு இதுதான் அடிப்படை. பவேரியாவில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் ஒரு வதைமுகாம் நினைவகத்துக்காவது போயாக வேண்டும். அதனால் டகாவ் நினைவகத்தில் ஆண்டு முழுவதும் பள்ளிக் குழுக்கள். கட்டாயப்படுத்தி அழைத்துவரப்பட்ட பதினைந்து வயதுப் பிள்ளை அங்கே சிரித்தால் அதை எப்படிப் புரிந்துகொள்வது, எதுவும் பேசாமல் நிற்பவனை என்ன செய்வது என்பதெல்லாம் அங்குள்ளவர்களுக்கு அன்றாட வேலை.

மூழ்கடிக்கக் கூடாது என்றால் வேறு என்ன செய்வது? என் விடை, கொலையின் தொடக்கத்துக்குப் போக வேண்டும் என்பது. தொடக்கத்தில் பள்ளிக்கூடம் இருக்கிறது.

ஹிட்லர் ஆட்சிக்கு வந்தது 1933 ஜனவரி 30. ஏப்ரல் 7ஆம் தேதி வந்த அரசுப்பணிச் சட்டம் யூத ஆசிரியர்களை வேலையிலிருந்து நீக்கியது. முதல் உலகப் போரில் முன்னணியில் நின்று போரிட்டவர்கள் போன்ற சிலருக்கு மட்டும் தொடக்கத்தில் விலக்கு இருந்தது. ஏப்ரல் 25ஆம் தேதி, பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் நெரிசலைக் குறைப்பது என்ற பெயரில் இன்னொரு சட்டம் வந்தது. புதிதாகச் சேரும் மாணவர்களில் யூதர்கள் 1.5 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்றது அது. முள்வேலி, துப்பாக்கி எதுவும் இதில் இல்லை. சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்துக் கணக்கெடுத்தவர் தலைமையாசிரியர். தந்தை, தாய், பாட்டன், பாட்டியின் மதத்தைக் கேட்டுப் படிவத்தை நிரப்பியவர் பள்ளி எழுத்தர். ஆசிரியர் அறையில் முந்தின நாள் வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரின் நாற்காலி காலியானது. அவருடைய வகுப்புகளை மற்றவர்கள் பிரித்து எடுத்துக்கொண்டார்கள்.

1934 ஆகஸ்டிலிருந்து அரசு ஊழியர்களான ஆசிரியர்கள் ஹிட்லரின் பெயரைச் சொல்லி உறுதிமொழி எடுக்க வேண்டியிருந்தது. சில ஆண்டுகளில் ஆசிரியர்களில் ஏறத்தாழ 97 சதவீதத்தினர் நாசி ஆசிரியர் சங்கத்தில் உறுப்பினர்கள். இன அறிவியல் என்பது பாடமானது. கணக்குப் புத்தகம்கூடத் தப்பவில்லை. ஒரு மனநோய் விடுதி கட்ட 60 லட்சம் மார்க் செலவாகிறது. 15,000 மார்க் விலையில் அந்தப் பணத்துக்கு எத்தனை வீடுகள் கட்டலாம்? இது அன்றைய மாணவர்களுக்குக் கொடுக்கப்பட்ட வகுத்தல் கணக்கு. 400 என்று சரியாக விடை எழுதிய பிள்ளை முழு மதிப்பெண் வாங்கியிருப்பான். விடைத்தாளைத் திருத்தியவர் ஓர் ஆசிரியர். 1940 ஜனவரியிலிருந்து 1941 ஆகஸ்டுக்குள், ஹதாமர், கிராஃபெனெக் உள்ளிட்ட ஆறு இடங்களில் மனநோயாளிகளும் மாற்றுத்திறனாளிகளுமாக 70,000 பேரை நச்சுவாயு அறைகளில் கொன்றார்கள்.

அதற்கும் முன்பே நடந்த ஒன்று என்னை அதிகமாக வருத்துகிறது. 1933 ஜூலையில் வந்த கட்டாயக் கருத்தடைச் சட்டத்தின் கீழ் சுமார் 4 லட்சம் பேருக்கு அறுவை செய்தார்கள். மெதுவாகக் கற்கும் பிள்ளைகளுக்கான சிறப்புப் பள்ளிகளில் படித்தவர்கள் அதில் ஏராளம். அந்த வழக்குகளைத் தீர்மானித்த நீதிமன்றங்களுக்கு முன்னால் வைக்கப்பட்ட சான்றுகளில் பள்ளி அறிக்கையும் ஒன்று. இந்தப் பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை, கவனம் நிற்பதில்லை என்று ஆசிரியர் எப்போதோ எழுதிய இரண்டு வரிகள், அந்தப் பிள்ளை வளர்ந்து குடும்பம் அமைக்க முடியுமா முடியாதா என்பதைத் தீர்மானித்தன. முன்னேற்ற அறிக்கை எழுதாத ஆசிரியர் உலகத்தில் எங்கும் இல்லை. ஹதாமர் நினைவகத்துக்கு ஓர் ஆசிரியர் போனால், அங்கே நிலவறையைப் பார்ப்பதோடு இந்தக் காகிதத்தையும் பார்க்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

1938 நவம்பர் 15ஆம் தேதி யூதப் பிள்ளைகள் ஜெர்மன் அரசுப் பள்ளிகளிலிருந்து முற்றாக விலக்கப்பட்டார்கள். நாடெங்கும் யூதர்களின் ஜெப ஆலயங்கள் எரிக்கப்பட்டு அப்போது ஒரு வாரம்கூட ஆகவில்லை. மறுநாள் வருகைப் பதிவேட்டை எடுத்து, இருந்தவர்களின் பெயர்களை மட்டும் வாசித்துவிட்டுப் பாடத்தைத் தொடங்கினார்கள். 1942 கோடையில் யூதச் சமூகம் தானே நடத்திவந்த பள்ளிகளும் மூடப்பட்டன. அப்போது யூதர்களைக் கொலைமுகாம்களுக்கு ஏற்றிச்சென்ற ரயில்கள் கிழக்கே ஓடிக்கொண்டிருந்தன.

பெர்லினில் வான்ஸே ஏரிக்கரையில் ஒரு மாளிகை இருக்கிறது. 1942 ஜனவரி 20ஆம் தேதி 15 உயர் அதிகாரிகள் அங்கே கூடி, ஐரோப்பா முழுவதிலுமுள்ள யூதர்களைக் கொல்லும் பணியை எந்தத் துறை எப்படிப் பகிர்ந்துகொள்வது என்று பேசினார்கள். அவர்களில் எட்டுப் பேர் முனைவர் பட்டம் பெற்றவர்கள். ஆஷ்விட்ஸில் இருந்து உயிர் தப்பிய வரலாற்றாசிரியர் யோசப் வுல்ஃப், அந்த மாளிகையை ஆய்வு மையமாக்க வேண்டும் என்று 1960களில் போராடித் தோற்றார். அப்போது அது பள்ளிப் பிள்ளைகள் விடுமுறைக்கு வந்து தங்கும் விடுதியாக இருந்தது. 1952 முதல் 1980களின் இறுதிவரை அப்படியே இருந்தது. 1992இல்தான் நினைவகம் ஆனது. எனக்கு மிகவும் பிடித்த ஒரு வேலையை அந்த நினைவகம் செய்கிறது. வருகிறவர்களைத் தொழில்வாரியாகப் பிரித்துப் பயிலரங்கு நடத்துகிறது. செவிலியர்கள் வந்தால், செவிலியர்கள் அன்று என்ன செய்தார்கள் என்று ஆவணங்களைக் கொடுத்துப் படிக்கச் சொல்கிறது. நகராட்சி ஊழியர் வந்தால் நகராட்சிக் கோப்புகள். சொந்தத் தொழிலின் மொழியில் எழுதப்பட்ட கோப்பைப் படிப்பவருக்கு, அதை எழுதியவர் அந்நியராகத் தெரிய மாட்டார். தன்னைப் போலவே அலுவலகம் போய், மேலதிகாரிக்குப் பதில் எழுதி, மாலையில் வீடு திரும்பிய ஒருவரைத்தான் அதில் காண்பார்.

பலியானவர்களிலும் ஆசிரியர்கள் இருந்தார்கள். அவர்களைச் சொல்லாமல் போவது அநியாயம். போலந்தின் வார்சா நகரில் யூதர்களை அடைத்துவைத்த கெட்டோ பகுதியில் அனாதை இல்லம் நடத்திய யானுஷ் கோர்ச்சாக், 1942 ஆகஸ்டில் ஏறத்தாழ 200 குழந்தைகளோடு டிரெப்ளிங்கா கொலைமுகாமுக்குப் போனார். தான் மட்டும் தப்பிக்கக் கிடைத்த வாய்ப்புகளை ஏற்கவில்லை. அதற்கு மூன்று வாரங்களுக்கு முன்பு, சாவை நோக்கிப் போகும் ஒரு சிறுவனைப் பற்றிய தாகூரின் அஞ்சலகம் நாடகத்தை அந்தக் குழந்தைகள் நடித்தார்கள். டிரெப்ளிங்காவில் இன்று நட்டிருக்கும் 17,000 கற்களில் தனி மனிதர் பெயர் பொறித்த ஒரே கல் அவருடையது. தெரேசியன்ஸ்டாட் முகாமில் பாடம் நடத்தத் தடை இருந்தபோது ஓவியம் கற்பித்த ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ், பிள்ளைகள் வரைந்த சுமார் 4,500 படங்களை இரண்டு பெட்டிகளில் விட்டுச்சென்றார். 1944 அக்டோபரில் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். ஒவ்வொரு படத்திலும் வரைந்த பிள்ளையின் பெயரை எழுதவைப்பது அவர் வழக்கம். பல பிள்ளைகளைப் பற்றி இன்று எஞ்சியிருப்பது அந்தக் கையெழுத்து மட்டும்தான்.

அட்லாண்டிக் கடலுக்கு மறுபுறம், பள்ளிக்கூடம் போராட்டத்தின் நடுவிலேயே இருக்கிறது. ஆனாலும் சுற்றுப்பயணங்கள் பாலத்தையும் தேவாலயத்தையும் தேடிப் போகின்றன. வெர்ஜீனியாவின் ஃபார்ம்வில் என்ற சிற்றூரில் மோட்டன் உயர்நிலைப் பள்ளி இருந்த கட்டடம் இப்போது அருங்காட்சியகம். சுமார் 180 மாணவர்களுக்காகக் கட்டிய அந்தக் கறுப்பினப் பள்ளியில் 450க்கும் மேற்பட்டோர் படித்தார்கள். இடம் போதாததற்குத் தார்க்காகிதம் போர்த்திய கொட்டகைகளைப் போட்டுக்கொடுத்தது கல்வி வாரியம். 1951 ஏப்ரல் 23ஆம் தேதி பார்பரா ஜான்ஸ் என்ற 16 வயது மாணவி, தலைமையாசிரியரைப் பொய்யான தொலைபேசி அழைப்பால் வெளியே போகவைத்துவிட்டு, மாணவர்களை அரங்கில் கூட்டினாள். ஆசிரியர்களை வெளியேறச் சொன்னாள். அவர்களுக்கு வேலை போய்விடக் கூடாது என்ற அக்கறையும் அதில் இருந்தது. வேலைநிறுத்தம் இரண்டு வாரம் நடந்தது. பொறுப்பு முழுவதையும் மாணவர்களே ஏற்றுக்கொண்டும்கூடத் தலைமையாசிரியருக்கு அடுத்த ஆண்டு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை.

அந்த மாணவர்களின் வழக்கும் சேர்ந்துதான் 1954 மே 17ஆம் தேதி அமெரிக்க உச்ச நீதிமன்றம், இனவாரியாகப் பள்ளிகளைப் பிரித்துவைப்பது அரசியலமைப்புக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தது. ஃபார்ம்வில் அடங்கிய கவுன்ட்டி, அதாவது மாவட்ட நிர்வாகம், பணிந்ததா என்றால், இல்லை. 1959இல் எல்லா அரசுப் பள்ளிகளையும் மூடிவிட்டது. வெள்ளையர் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி திறந்தார்கள். கறுப்பினப் பிள்ளைகளில் பலருக்கு ஐந்து ஆண்டுகள் முறையான பள்ளியே இல்லை. 1964இல் மறுபடியும் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகு கதவு திறந்தது. ஆறு வயதில் எழுத்துக் கற்கவேண்டிய பிள்ளை பதினொரு வயதில் முதன்முறையாகப் பெஞ்சில் உட்கார்ந்தது. தென்மாநிலப் பயணம் போகும் ஆசிரியர் ஒரே ஓர் இடத்தைத்தான் பார்க்க முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

ஆர்கன்ஸாவின் லிட்டில் ராக் நகரத்து மத்திய உயர்நிலைப் பள்ளி எல்லோருக்கும் தெரிந்தது. 1957இல் ஒன்பது கறுப்பின மாணவர்களை உள்ளே அனுப்ப ஜனாதிபதி ஐசன்ஹோவர் ராணுவத்தை அனுப்பவேண்டியிருந்தது. கூச்சலிடும் கும்பலுக்கு நடுவே தனியாக நடந்துவந்த 15 வயது எலிசபெத் எக்ஃபோர்டின் புகைப்படத்தைப் பார்க்காதவர் குறைவு. அது இன்றும் இயங்கும் பள்ளி. தேசிய வரலாற்றுத் தலமாகவும் இருக்கிறது. ஆனால் வந்து போகிறவர்களில் எத்தனை பேர் அடுத்த ஆண்டைப் பற்றிக் கேட்கிறார்கள்? 1958-59இல் ஆளுநர் ஃபோபஸ் நகரத்தின் உயர்நிலைப் பள்ளிகள் நான்கையும் மூடினார். ஒப்பந்தத்தில் இருந்த ஆசிரியர்கள் தினமும் வந்து, மாணவர் இல்லாத வகுப்பறைகளில் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். 1959 மே மாதம், பிள்ளைகளைச் சேர்த்துப் படிக்கவைக்க ஆதரவானவர்கள் என்று சந்தேகிக்கப்பட்ட 44 ஆசிரியர்களையும் பள்ளி நிர்வாகிகளையும் வேலையை விட்டு அனுப்பக் கல்வி வாரியத்தின் ஒரு பிரிவு முடிவுசெய்தது. ஊர் மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். அதே மாதம் வாக்கெடுப்பு நடத்தி அந்த வாரிய உறுப்பினர்களையே வெளியேற்றினார்கள். கூட்டத்தில் கத்தியவர்களின் முகங்கள் உலகத்துக்கு நினைவிருக்கின்றன. அந்த 44 பேரின் பெயர்கள் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளில்கூடச் சொல்லப்படுவதில்லை.

செல்மாவில் எட்மண்ட் பெட்டஸ் பாலத்தின் மேல் நடப்பது இன்று ஒரு சடங்கு போல ஆகிவிட்டது. 1965 மார்ச் 7ஆம் தேதி வாக்குரிமை கேட்டு அணிவகுத்து வந்த ஏறத்தாழ 600 பேரை அங்கே காவலர்கள் தாக்கினார்கள். அந்தப் பாலத்துக்குப் போகட்டும், நடக்கட்டும். ஆனால் அதற்கு ஆறு வாரம் முன்பு, ஜனவரி 22ஆம் தேதி, பள்ளி முடிந்த பிறகு, நூற்றுக்கும் மேற்பட்ட கறுப்பின ஆசிரியர்கள் வாக்காளர் பதிவு கோரி நீதிமன்றப் படிகளை நோக்கி நடந்தார்கள். தலைமை தாங்கியவர் பாதிரியாரும் ஆசிரியருமான ஃபிரெடரிக் ரீஸ். அவர்களுக்குச் சம்பளம் கொடுத்தது வெள்ளையரின் கல்வி வாரியம். அடுத்த ஆண்டு ஒப்பந்தத்தைக் கொடுப்பதும் மறுப்பதும் அதன் கையில். சிறைக்குப் போகத் தயார் என்று காட்டுவதற்குப் பலர் பல்துலக்கும் பிரஷ்ஷைக் கையோடு கொண்டுவந்திருந்தார்கள். ஷெரிஃப் ஜிம் கிளார்க்கும் அவருடைய ஆட்களும் தடியால் குத்திப் படிகளிலிருந்து கீழே தள்ளினார்கள். மறுபடியும் ஏறினார்கள், மறுபடியும் தள்ளப்பட்டார்கள். அன்று மாலை தேவாலயத்துக்குத் திரும்பியபோது அவர்களுடைய மாணவர்கள் ஆரவாரம் செய்து வரவேற்றார்கள். நேற்றுவரை பிள்ளைகளைப் போராட்டத்துக்குப் போகாதே என்று தடுத்தவர்களும் அந்த வரிசையில் இருந்தார்கள்.

1954 தீர்ப்புக்குப் பிறகு நடந்தது வேதனை. பள்ளிகள் இணைக்கப்பட்டபோது கறுப்பினப் பள்ளிகள்தான் மூடப்பட்டன. வெள்ளைப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளுக்குக் கறுப்பின ஆசிரியர் வேண்டாம் என்றார்கள். 1954 முதல் 1965 வரை 17 மாநிலங்களில் ஏறத்தாழ 38,000 கறுப்பின ஆசிரியர்களும் பள்ளி நிர்வாகிகளும் வேலை இழந்தார்கள் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. பயணப் பட்டியல்களில் இதற்கு ஒரு நிறுத்தம் இல்லை, ஏனென்றால் பார்ப்பதற்கு இடம் என்று ஒன்றும் மிஞ்சவில்லை.

யூத இனப்படுகொலையையும் அமெரிக்க இன ஒடுக்குமுறையையும் ஒரே பயணத்தில், ஒரே பாடத்தில் சேர்ப்பது சரியா என்ற கேள்வி நியாயமானது. ஒரு மக்களையே இல்லாமல் ஆக்குவது வேறு, ஒரு மக்களை அடக்கி உழைப்பைப் பிடுங்கி அச்சத்தில் வைத்திருப்பது வேறு. எது பெரிய துன்பம் என்று அளந்து பார்க்கும் வகுப்பு இரண்டையும் அவமதிக்கும். ஆனால் இரண்டுக்கும் இடையே உண்மையான இழைகள் உண்டு, அவற்றைச் சொல்லலாம். 1934 ஜூன் 5ஆம் தேதி பெர்லினில் இனச் சட்டங்கள் பற்றிக் கூடிய நாசி சட்ட வல்லுநர்கள், அமெரிக்க மாநிலங்களின் கலப்புமணத் தடைச் சட்டங்களை எடுத்துவைத்துப் பேசினார்கள். எதிர்த்திசையில் ஓடும் இழையும் இருக்கிறது. ஜெர்மனியிலிருந்து தப்பிவந்த யூத அறிஞர்கள் பலருக்கு வேலை கொடுத்தவை தென்மாநிலத்துக் கறுப்பினக் கல்லூரிகள். எர்ன்ஸ்ட் போரின்ஸ்கி 1947 முதல் 1983இல் இறக்கும்வரை மிசிசிப்பியின் டூகலூ கல்லூரியில் சமூகவியல் கற்பித்தார். மாநிலமே பிரிந்து கிடந்த காலத்தில், அவருடைய நிலவறை வகுப்பில் வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து விவாதித்தார்கள். வியன்னாவிலிருந்து வந்த விக்டர் லோவன்ஃபெல்ட் ஹாம்ப்டன் கல்லூரியில் ஓவியம் கற்பித்தார். வகுப்பறை என்ன செய்ய முடியும் என்பதற்கு அந்த இருவரும் சாட்சி.

நமக்கு நெருக்கமான ஓர் இழையும் உண்டு. 1959இல் இந்தியா வந்த மார்ட்டின் லூதர் கிங், திருவனந்தபுரத்தில் தலித் பிள்ளைகள் படித்த ஒரு பள்ளிக்குப் போனார். அந்தத் தலைமையாசிரியர், அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் உங்களைப் போன்ற ஒரு தீண்டத்தகாதவர் என்று அவரை அறிமுகப்படுத்தியதாகக் கிங் 1965இல் தன் தேவாலய உரையில் சொன்னார். முதலில் அதிர்ந்ததாகவும், பிறகு, ஆம், நான் அப்படித்தான் நடத்தப்படுகிறேன் என்று ஏற்றுக்கொண்டதாகவும் சொன்னார். ஒரு நாட்டின் அநீதியைக் கொண்டு இன்னொரு நாட்டின் அநீதியை விளங்கவைக்க ஒரு தலைமையாசிரியரால் ஒரே வாக்கியத்தில் முடிந்தது.

பயணம் முடிந்து வகுப்புக்குத் திரும்பும்போது தவறு நடக்க வாய்ப்பு அதிகம். உணர்ச்சிப் பெருக்கில் திரும்பிய ஆசிரியர், பிள்ளைகளும் அதை உணர வேண்டும் என்று பாவனை விளையாட்டு நடத்துவார். சிலரை யூதராக, சிலரைக் காவலராக நிற்கவைப்பார். வாஷிங்டன் அருங்காட்சியகம் ஆசிரியர்களுக்குத் தரும் வழிகாட்டுதல் இதை வெளிப்படையாக வேண்டாம் என்கிறது. அரை மணி நேரம் விளக்கை அணைத்துத் தரையில் உட்கார்ந்த பிள்ளை, முகாம் எப்படி இருந்தது என்று தனக்குத் தெரியும் என நினைத்துக்கொள்ளும். அது பொய்யறிவு. பிணக்குவியல் படங்களைக் காட்டுவதிலும் அதே சிக்கல். இறந்தவர்களை அவர்கள் வாழ்ந்த நாளில் காட்டும் ஒரு குடும்பப் புகைப்படம் பிள்ளைகளுக்கு அதிகம் கற்பிக்கும்.

வெளியிலிருந்து வரும் நெருக்கடி வேறு. 2021 முதல் அமெரிக்காவின் பல மாநிலங்களில் இனம் பற்றி வகுப்பில் என்ன பேசலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் வந்தன. அந்த ஆண்டு அக்டோபரில் டெக்சஸின் ஒரு பள்ளி மாவட்ட நிர்வாகி, யூத இனப்படுகொலை பற்றிய புத்தகத்தை வகுப்பில் வைத்தால் எதிர்ப்பக்கக் கருத்துள்ள புத்தகத்தையும் வையுங்கள் என்று ஆசிரியர்களிடம் சொன்னது பதிவாகி வெளியானது. மாவட்டம் பிறகு மன்னிப்புக் கேட்டது. செல்மாவுக்கும் ஆஷ்விட்ஸுக்கும் போய்வந்த ஆசிரியர் திரும்பி வருவது இப்படிப்பட்ட பள்ளிக்கு. சேர்க்கைப் பதிவேட்டையும் முன்னேற்ற அறிக்கையையும் பற்றி அவர் யோசித்திருந்தால், இப்படி ஓர் உத்தரவு கையில் வரும்போது அதை எப்படிப் படிப்பது என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

பெர்லினின் ஷோனபெர்க் பகுதியில் லோக்னிட்ஸ் தொடக்கப் பள்ளி செய்வது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒரு காலத்தில் ஜெப ஆலயம் நின்ற இடத்தில் இருக்கும் பள்ளி அது. 1990களின் நடுவிலிருந்து ஆண்டுதோறும் ஆறாம் வகுப்பு மாணவர்கள், அந்தப் பகுதியில் வாழ்ந்து கொல்லப்பட்ட யூதர் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவரைப் பற்றித் தேடி அறிந்து, ஒரு செங்கல்லில் பெயரை எழுதிப் பள்ளி வளாகத்திலேயே சுவர் எழுப்பிவருகிறார்கள். செங்கற்கள் ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. போலந்துக்குப் பயணச்சீட்டு வாங்க வேண்டியதில்லை. வீட்டு எண்ணும் தெருப்பெயரும் போதும்.

ஓர் ஆசிரியரால் தனியாக என்ன செய்திருக்க முடியும் என்று பயணத்தின் முடிவில் யாராவது கேட்பார்கள். கேட்க வேண்டும். அதற்கு எலிசபெத் ஷ்மிட்ஸைப் பற்றிச் சொல்லலாம். பெர்லினில் உயர்நிலைப் பள்ளி ஆசிரியை. 1935இலேயே, யூதர்களுக்கு நடப்பதைப் பார்த்துக்கொண்டு திருச்சபை மௌனமாக இருப்பது ஏன் என்று கேட்டு நீண்ட குறிப்பறிக்கை எழுதிச் சுற்றுக்கு விட்டார். 1938 நவம்பரில் ஜெப ஆலயங்கள் எரிக்கப்பட்ட பிறகு, இந்த அரசு எதிர்பார்க்கும் விதத்தில் தன்னால் பாடம் நடத்த முடியுமா என்ற ஐயம் பெருகிவிட்டது என்று காரணத்தை எழுதியே விருப்ப ஓய்வு கேட்டார். யூதர்களுக்குத் தன் வீட்டில் அடைக்கலம் கொடுத்தார். அந்தக் குறிப்பறிக்கையை எழுதியவர் அவர்தான் என்பது 1977இல் அவர் இறந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்துத்தான் உறுதியானது; யாத் வாஷெம் 2011இல் அவரைக் கௌரவித்தது. எழுதும்போது தனக்கு என்ன நேரும் என்று அவருக்குத் தெரியாது. கைதுகூட நடந்திருக்கலாம். நடந்தது என்னவென்றால், 1939 ஏப்ரல் முதல் ஓய்வு அளிக்கப்பட்டது, ஓய்வூதியமும் கிடைத்தது. அவரோடு அதே ஆசிரியர் அறையில் இருந்தவர்களுக்கும் அந்த விண்ணப்பத்தை எழுத ஒரு தாளும் பேனாவும் இருந்தன.